எந்த எண்ணுக்குக் காசு?

விண்டோஸ் 7 ஓடும் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பதிப்பு என்ன என்று கேட்டால் 6.1 என்று பதில் வரும். ஏழு என்று பெட்டியில் அச்சிட்டு விற்ற பொருள், உள்ளே தன்னை ஆறு என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஏழுக்கு முன் வந்த விஸ்டா 6.0, ஏழு 6.1, எட்டு 6.2, அதற்குப் பின் வந்த 8.1 உள்ளே 6.3. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோதுதான் வெளி எண்ணும் உள் எண்ணும் ஒன்றாயின. அதுவும் நிலைக்கவில்லை. விண்டோஸ் 11 உள்ளே இன்னமும் 10.0தான். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உள்ளே தரப்படும் பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பதினொன்று என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இது கவனக்குறைவால் நடந்ததல்ல. பழைய நிரல்கள் பல, நிறுவும் முன் இயங்குதளத்தின் முதல் எண்ணைப் பார்க்கும். எதிர்பார்த்த எண் இல்லையென்றால், புதியதா பழையதா என்றுகூட யோசிக்காமல் நின்றுவிடும். 5இலிருந்து 6க்குப் போன விஸ்டா இப்படிப்பட்ட நிரல்களிடம் நன்றாகவே அடிவாங்கியது. அதனால் அடுத்த முறை, நிரல்களுக்கு 6.1, வாங்குபவருக்கு 7 என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

இந்தப் பிளவு எல்லா மென்பொருளிலும் இருக்கிறது, விண்டோஸில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். பதிப்பு எண்ணிடம் இரண்டு தரப்பு வேலை வாங்குகிறது. பழையதோடு இது ஒத்துப்போகுமா என்பதைச் சொல்ல அது பொறியாளருக்கு வேண்டும். எங்கே இலவசம் முடிகிறது, எங்கே கட்டணம் தொடங்குகிறது என்று கோடு போட அது விற்பனைப் பிரிவுக்கு வேண்டும். அப்கிரேடுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய காலம் முழுக்க இரண்டாவது தரப்பின் கைதான் ஓங்கியிருந்தது என்பது என் வாசிப்பு. எண்களில் நாம் பார்க்கும் விசித்திரங்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டைச் சுற்றி நடந்தவை.

பொறியாளர் கணக்கு எளிது, அதை முதலில் பார்த்துவிடலாம். புள்ளி வைத்துப் பிரித்த மூன்று எண்கள். கடைசி எண் ஏறினால் பிழை திருத்தம் மட்டும். நடு எண் ஏறினால் புதிய வசதி வந்திருக்கிறது, ஆனால் பழையது எதுவும் உடையவில்லை. முதல் எண் ஏறினால், பழையதை நம்பிக் கட்டியவை உடையலாம். வெகுகாலமாக வழக்கத்தில் இருந்த இந்த முறையை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் ‘செமான்டிக் வெர்ஷனிங்’ என்ற பெயரில் விதிகளாக எழுதிவைத்தார். அந்த விதித்தொகுப்பின் 2.0.0 பதிப்பு 2013இல் வந்தது. இங்கே புள்ளி தசமப் புள்ளி அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 1.9க்கு அடுத்து 1.10 வரும், அது 1.9ஐவிடப் பெரியது.

இந்தக் கணக்கில் முதல் எண் ஏறுவது நல்ல செய்தியல்ல, எச்சரிக்கை. பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.0 பதிப்பு வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2க்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1 அன்று. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளும் உலகெங்கும் நிரலர்கள் பழைய நிரல்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். பைத்தான் இலவசம்தான், ஆனாலும் அந்த ஒரு எண்ணுக்கு உழைப்பாகக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. கட்டணம் வாங்கி விற்பவரோ இதே முதல் எண்ணைக் கொண்டாட்டமாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. “உங்கள் பழைய கோப்புகளும் செருகுநிரல்களும் ஓடாமல் போகலாம்” என்று பெட்டியின் முன்பக்கத்தில் போட்டு யாரும் விற்க முடியாது.

காசு வாங்காதவர்கள் எண்ணோடு விளையாடலாம். கணினியியலாளர் டொனால்ட் நூத் தன் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ‘பை’யின் ஓர் இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். 2021இல் அது 3.141592653 ஆனது. தன் காலத்துக்குப் பின் எண்ணைப் ‘பை’ என்றே நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் எஞ்சியிருக்கும் பிழைகள் எல்லாம் அம்சங்களாகக் கொள்ளப்படும் என்று சொல்லிவைத்திருக்கிறார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் 2011இல் 2.6.39இலிருந்து நேராக 3.0க்குத் தாவியது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சொன்னார். பின்னால் வரும் எண்கள் கைக்கு அடங்காமல் பெரிதாகிவிட்டன, லினக்ஸுக்கு இருபது வயதும் ஆகியிருந்தது. 2015இல் 4.0, 2019இல் 5.0, 2022இல் 6.0 என்று பின்னர் வந்த தாவல்களும் அந்த வகைதான். யாருக்கும் கோபம் வரவில்லை, ஏனென்றால் எந்தத் தாவலிலும் பணம் கைமாறவில்லை.

பணம் கைமாறும் இடத்தில் என்ன நடக்கிறது?

செருப்பு தேயும், மென்பொருள் தேயாது. 1995இல் வாங்கிய சொல்செயலி, அதை ஓட்டும் இயந்திரம் உயிரோடு இருக்கும்வரை அன்று அடித்த எழுத்தையே இன்றும் அடிக்கும். ஆகவே விற்பவருக்கு மிகக் கடுமையான போட்டி எதிர்க்கடையிலிருந்து வருவதில்லை, அவரே ஏற்கெனவே விற்ற பிரதியிலிருந்து வருகிறது. நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் ஏகபோக நிறுவனம் தனக்குத்தானே போட்டியாகிவிடும் என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1972இல் ஒரு சிறு கட்டுரையில் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நிலம். மென்பொருளுக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதிலிருந்து தப்பிக்கப் பிறந்ததுதான் அப்கிரேட் விலை. பழைய பயனருக்குத் தள்ளுபடி, புதியவருக்கு முழு விலை. இதை விசுவாசத்துக்குப் பரிசு என்று விளம்பரம் சொல்லும். கணக்கு வேறு. நான்காம் பதிப்பு கையில் இருப்பவர் ஐந்தாம் பதிப்பில் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே, அதற்குத்தான் அவர் காசு கொடுப்பார். ஒன்றுமே இல்லாதவருக்கோ முழுப்பொருளும் புதிது. ஒரே பொருளை இரண்டு பேருக்கு இரண்டு விலையில் விற்க ஒரு கோடு வேண்டும், அந்தக் கோடாகப் பதிப்பு எண் கைகொடுத்தது. 4.1, 4.2 எல்லாம் அப்டேட், இலவசம். 5.0 அப்கிரேட், கட்டணம்.

அந்தக் கோடு முதல் எண்ணில்தான் விழ வேண்டும் என்றும் இல்லை. ஆப்பிளின் மேக் கணினிகளில் ஓடும் மேக் ஓஎஸ் எக்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 2001இல் 10.0 வந்தது, 10.1 இலவசமாக வந்தது. அடுத்து 10.2 வந்தபோது 129 டாலர். பிறகு 10.3, 10.4, 10.5 ஒவ்வொன்றும் அதே 129 டாலர். பழையவர் புதியவர் என்ற பேதமே இல்லாத ஒரே விலை. முதல் எண் பத்திலேயே இருபது ஆண்டுகள் அசையாமல் நிற்க, புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்தான் கல்லாப்பெட்டியைத் திறந்தது. எண்ணின் எந்த இடம் ‘பெரிது’ என்பதை விற்பவர் சொல்லும்வரை எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

கோடு போட்டவுடனே எல்லோருடைய நடத்தையும் அதற்கேற்ப வளைகிறது. ஒரு நல்ல வசதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.3இல் போட்டால் நன்றி கிடைக்கும், 5.0இல் போட்டால் வருமானம் கிடைக்கும். அது 5.0க்காகத் தேங்கும். தயாராக இருக்கும் வேலையைப் பயனர் கண்ணில் காட்டாமல் மாதக்கணக்கில் வைத்திருப்பது நிரலருக்கே பிடிக்காது, ஆனால் பெரிய வெளியீட்டின் ‘புதியவை’ பட்டியல் நீளமாக இருந்தாக வேண்டும். பட்டியலில் இடம்பிடிப்பவை எவை? படம்பிடித்துக் காட்ட முடிந்தவை. பத்து ஆண்டாக இருந்த ஒரு பிழையைத் திருத்தியதையோ, நினைவகச் செலவைப் பாதியாக்கியதையோ படம்பிடிக்க முடியாது. மென்பொருள்கள் ஊதிப்பெருத்ததற்கு நிரலர்களைத் திட்டுவது வழக்கம். நான் விலைப்பட்டியலைத்தான் திட்டுவேன்.

துப்புரவு வேலையை மட்டுமே வைத்து விற்றுப் பார்த்ததும் உண்டு. 2009இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6ஐ, புதிய வசதிகள் பெரிதாக இல்லை, உள்ளே இருப்பதைச் சீர்செய்திருக்கிறோம் என்ற தோரணையில்தான் ஆப்பிள் அறிமுகம் செய்தது. முந்தைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு விலை 29 டாலர். வசதி இருந்தால் 129, ஒழுங்குபடுத்தலுக்கு 29. இத்தனைக்கும் அந்தப் பதிப்பைத்தான் மேக் பயனர்கள் பலர் இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

பயனர்களும் சும்மா இருக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒன்று வாங்கினால் போதும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். நான்கிலிருந்து ஆறுக்குப் போக, நான்கிலிருந்து ஐந்துக்குப் போவதற்கான அதே அப்கிரேட் விலைதான் என்றால் ஐந்தை எதற்கு வாங்க வேண்டும்? இதற்கு அடோபி கொடுத்த பதில் கவனிக்கத்தக்கது. ஃபோட்டோஷாப் உள்ளிட்ட அதன் மென்பொருள் தொகுப்பு கிரியேட்டிவ் சூட். 2010இல் கிரியேட்டிவ் சூட் 5, 2011இல் 5.5, 2012இல் 6. நடுவில் வந்த அரை எண்ணும் கட்டணப் பதிப்புதான். அதோடு, அதுவரை மூன்று தலைமுறை பழைய பதிப்பு வைத்திருந்தவருக்கும் கிடைத்த அப்கிரேட் விலை, இனி 5 அல்லது 5.5 வைத்திருப்பவருக்கு மட்டுமே என்று 2011 இறுதியில் அறிவித்தது. தாண்டிக் குதிப்பவர்கள் முழு விலை கொடுக்க வேண்டும் என்பதுதான் பொருள். எதிர்ப்பு கிளம்பியதும் 3, 4 வைத்திருந்தவர்களுக்கும் 2012 முடியும்வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு என்ன ஆனது என்பது தெரிந்ததே, அதற்குப் பிறகு வருகிறேன்.

எண் ஏறினால் வளர்ச்சி என்று வாங்குபவர் நம்புவதால், ஏறாத இடத்திலும் ஏற்றிக்காட்டும் ஆசை வரும். டிபேஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருள் சந்தைக்கு வந்ததே ‘டிபேஸ் II’ என்ற பெயரில்தான், டிபேஸ் I என்று ஒன்று இருந்ததே இல்லை. விண்டோஸுக்கான வேர்டு 2.0இலிருந்து 6.0க்குத் தாவியது, மற்றத் தளங்களில் இருந்த வேர்டின் எண்ணோடு ஒத்துப்போக. சோலாரிஸ் இயங்குதளத்தில் 2.6க்கு அடுத்து சோலாரிஸ் 7 வந்தது. நெட்ஸ்கேப் உலாவியில் 4க்கு அடுத்து 6. ஸ்லாக்வேர் லினக்ஸ் 1999இல் 4இலிருந்து 7க்குப் போனதற்கான காரணத்தை அதன் ஆசிரியர் மறைக்கவே இல்லை. மற்ற லினக்ஸ் வெளியீடுகள் 6ஐத் தொட்டிருந்தன, 4 என்றால் பின்தங்கியதுபோல் தெரிந்தது.

ஆண்டைப் பெயராக வைப்பது இன்னும் தந்திரமானது. விண்டோஸ் 95, ஆபீஸ் 97, ஆபீஸ் 2003. எண் தானாகப் பழசாகாது, ஆண்டு ஆகும். 2006இல் ஒருவர் திரையில் 2003 என்று பார்க்கும்போது எந்த விளம்பரமும் இல்லாமலே அது பழையதாகத் தோன்றும். உபுண்டு லினக்ஸும் ஆண்டையும் மாதத்தையும்தான் எண்ணாக வைக்கிறது, ஆனால் அங்கே விற்க எதுவும் இல்லாததால் நேர்மையாக இருக்க முடிகிறது. 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு ஆறு வாரம் தள்ளி ஜூனுக்குப் போனபோது 6.04ஐ 6.06 என்று மாற்றிவிட்டார்கள்.

கணக்கேடு சொன்ன விலை

விலைக்கோடு எங்கே விழும் என்பதை விற்பனைப் பிரிவு மட்டும் தீர்மானித்ததாக நினைக்கக்கூடாது. கணக்காளர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. இந்தக் கதை எனக்குப் பிடித்தது.

2006 இறுதியில் ஆப்பிள் விற்ற சில மேக்குகளில் வேகமான வைஃபைக்கான சில்லு ஏற்கெனவே இருந்தது. மென்பொருள் அதைத் திறந்துவிடவில்லை, விற்பனைத் தாளிலும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அதை இயக்கும் சிறு மென்பொருளை வெளியிட்டபோது ஆப்பிள் 1.99 டாலர் கேட்டது. அந்தக் காசால் ஆப்பிளுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. சொன்ன காரணம் கணக்கியல் விதி. விற்றபோது சொல்லாத ஒரு புதிய திறனைப் பின்னர் இலவசமாகக் கொடுத்தால், விற்ற அன்று பொருள் முழுமையாகக் கைமாறவில்லை என்று ஆகிவிடும். அப்படியானால் அன்று பதிவுசெய்த வருமானத்தின் ஒரு பகுதியைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். ஒரு சிறு விலை வைத்துவிட்டால் அது தனி விற்பனை, பழைய கணக்கைத் தொட வேண்டியதில்லை.

ஐபோன், ஐபாட் டச் இரண்டிலும் ஓடியது ஏறத்தாழ ஒரே மென்பொருள். ஐபோன் வருமானத்தை ஆப்பிள் இருபத்துநான்கு மாதங்களுக்குப் பரப்பிப் பதிவுசெய்தது, அதனால் அந்தக் காலத்தில் புதிய வசதிகளை இலவசமாகக் கொடுக்க முடிந்தது. ஐபாட் டச்சின் வருமானத்தை விற்ற அன்றே முழுதாகப் பதிவுசெய்தது. ஆகவே 2008 ஜனவரியில் அஞ்சல், வரைபடம் போன்ற ஐந்து செயலிகளுக்கு 20 டாலர், பின்னர் அந்த மென்பொருளின் 2.0 பதிப்புக்கு 9.95, மறு ஆண்டு 3.0க்கும் 9.95. பக்கத்து இருக்கையில் ஐபோன் வைத்திருந்தவருக்கு அதே 3.0 இலவசம். பதிப்பு எண்ணும் ஒன்று, மாற்றங்களும் கிட்டத்தட்ட ஒன்று, விலை மட்டும் கணக்கேட்டின் எந்தப் பக்கத்தில் பொருள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

விதி உண்மையில் காசு வாங்கியே ஆக வேண்டும் என்று சொன்னதா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. எப்படியோ, 2009இல் அமெரிக்க கணக்கியல் வாரியம், வன்பொருளோடு ஒட்டிவரும் மென்பொருளைக் கண்டிப்பான மென்பொருள் விதிகளிலிருந்து விலக்கியது. 2010இல் வந்த அதே மென்பொருளின் நான்காம் பதிப்பு, ஐஓஎஸ் 4, ஐபாட் டச்சுக்கும் இலவசம். 2013இல் மேக் இயங்குதளமும் இலவசமானது. 129, 29, 20 என்று இறங்கிவந்த விலை 10.9இல் பூஜ்யத்தைத் தொட்டது. வன்பொருள் விற்பவருக்கு இது தாங்கும். மென்பொருள் மட்டுமே விற்பவருக்குத் தாங்காது, ஆனால் பயனர் மனதில் ‘புதிய பதிப்பு என்றால் இலவசம்’ என்ற எதிர்பார்ப்பு பதிந்துபோனது எல்லோரையும் பாதித்தது.

அப்கிரேட் விலைக்கு இன்னொரு மறுபக்கம் உண்டு. தள்ளுபடியில் புதியதை வாங்கியபின் பழைய பிரதி யாருடையது? கட்டிட வரைபடங்களுக்கான ஆட்டோகேட் மென்பொருளின் உரிமத்தில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது, பழையதை அழித்துவிட வேண்டும். ஒரு கட்டிடக்கலை நிறுவனம் ரிலீஸ் 14இலிருந்து ஆட்டோகேட் 2000க்கு மாறியபோது பிரதிக்கு 495 டாலர் கொடுத்தது, புதிதாக வாங்கினால் 3,750 டாலர். அழித்திருக்க வேண்டிய பழைய வட்டுகள் வேறொருவர் கைக்குப் போய், அவர் அவற்றை ஈபேயில் விற்க, விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது. கீழமை நீதிமன்றம் ஈபேயில் விற்றவர் பக்கம் நின்றது. 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அந்த வட்டுகள் விற்கப்பட்டவை அல்ல, உரிமம் கொடுக்கப்பட்டவை மட்டுமே என்றது. இரண்டே ஆண்டுகளில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம் தொடர்பான வழக்கில் நேர் எதிராகச் சொன்னது. காலவரையின்றிக் கொடுத்த உரிமம் விற்பனைதான், வாங்கியவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டு அதை மறுபடி விற்கலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தின் கீழ் அப்டேட் ஆன நிலையிலுள்ள பிரதிக்கும் அது பொருந்தும். அட்லாண்டிக்கின் ஒரு கரையில் அப்கிரேட் என்பது பழையதைத் திருப்பிக்கொடுத்துப் புதியதை வாங்குவது, மறுகரையில் கையிலுள்ள சொத்து வளர்வது.

பெரிய நிறுவனங்களுக்கு அப்கிரேடை முன்கூட்டியே விற்கும் முறையும் வந்தது. மைக்ரோசாஃப்டின் ‘சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ்’ திட்டத்தில் மேசைக்கணினி மென்பொருளுக்கு ஆண்டுதோறும் உரிம விலையில் 29 விழுக்காடு கட்டினால், ஒப்பந்த காலத்தில் வரும் எந்தப் புதிய பதிப்பும் உங்களுடையது. விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001இல், அடுத்து விஸ்டா நிறுவனங்களுக்குக் கிடைத்தது 2006 நவம்பரில். 2002இல் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்ட நிறுவனம் விண்டோஸுக்காகக் கட்டிய பணத்துக்கு ஒரு புதிய எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. வராத பதிப்புக்கு முன்பணம் கட்டிய அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தில் வேறு சலுகைகளைச் சேர்த்து அடுக்க வேண்டியதாயிற்று.

2011 தொடக்கத்தில் மேக் ஆப் ஸ்டோர் திறந்தபோது அதில் அப்கிரேட் விலை என்ற ஏற்பாடே இல்லை. ஒன்று, ஆயுளுக்கும் இலவசமாகக் கொடு. அல்லது, ஐந்தாம் பதிப்பை முற்றிலும் தனிச் செயலியாகப் போட்டு எல்லோரிடமும் முழு விலை வாங்கு. சிறு நிரலர்கள் பலர் இரண்டாவதைச் செய்து, ‘மறுபடியும் முதலிலிருந்து காசா’ என்ற ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பழையவரிடம் ஒரு விலை, புதியவரிடம் ஒரு விலை என்ற அந்தக் கோட்டைக் கடையே அழித்துவிட்டது. மிச்சமிருந்த வழி சந்தா.

கோடு அழிந்த பிறகு

அடோபி 2013 மே மாதம் அறிவித்தது: கிரியேட்டிவ் சூட் 6தான் கடைசி, இனி சந்தா மட்டும். தாண்டிக் குதிப்பவர்களைத் தடுக்க இரண்டு ஆண்டுக்கு முன் எடுத்த முயற்சியின் இயல்பான முடிவு இது. சந்தாவில் தாண்ட எதுவும் இல்லை. பயனர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முடிந்த வசதியைப் பெட்டியில் பூட்டிவைக்கும் காரணம் அன்றோடு போயிற்று. மார்ச்சில் முடிந்தது மார்ச்சிலேயே வரலாம்.

எண்ணுக்கு இனி காசு இல்லை என்றானதும் எண் தளர்ந்தது. கட்டணமே இல்லாத உலாவிகள் இதை முன்பே காட்டியிருந்தன. குரோம் ஆறு வாரத்துக்கு ஒரு முழு எண், பின்னர் நான்கு வாரத்துக்கு ஒன்று என்று ஏறி 2022 மார்ச்சில் நூறைத் தொட்டது. 2011 மார்ச்சில் 4ஆக இருந்த ஃபயர்ஃபாக்ஸ் ஜூனில் 5 ஆகி, அதே வேகத்தில் ஓடி 2022 மே மாதம் நூறானது. இன்று உங்கள் உலாவியின் எண் என்ன என்று கேட்டால் பார்க்காமல் சொல்பவர் அரிது. ஆபீஸ் 2016, 2019, 2021, 2024 எல்லாமே உள்ளே 16தான். ஆப்பிள் 2025இல் ஐஓஎஸ் 18க்கு அடுத்து 26 என்று தாவி, தன் எல்லா இயங்குதளங்களையும் ஆண்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தது. இந்தத் தாவலுக்கு யாரும் கூடுதலாக ஒரு காசு கொடுக்கவில்லை.

எண்ணைப் பார்ப்பதை மனிதர்கள் விட்டாலும் நிரல்கள் விடவில்லை. 2009இல் ஓபெரா என்ற உலாவியின் 10ஆம் பதிப்பு வந்தபோது, இணையதளங்கள் பல முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை ஓபெரா 1 என்று எடுத்துக்கொண்டன. அதனால் ஓபெரா தன்னை 9.80 என்று அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மேக் ஓஎஸ் 11, பழைய நிரல்கள் கேட்டால் 10.16 என்று சொல்லும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் மூன்று இலக்கத்தைத் தொடும் முன் மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்தன.

சந்தாவுக்கும் பழைய அப்கிரேடுக்கும் நடுவே சிலர் நிற்கிறார்கள், எனக்கு அவர்கள் ஏற்பாடுகள்தான் நியாயமாகப் படுகின்றன. நிரலர்களுக்கான கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் 2015இல் முழுச் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்து, நிரலர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு ஒரு திருத்தம் செய்தது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கட்டினால், அந்தப் பன்னிரண்டு மாதத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பு நிரந்தரமாக உங்களுடையது. நிரல் எழுதப் பயன்படும் சப்லைம் டெக்ஸ்ட் 2021இல் நான்காம் பதிப்போடு உரிமத்தை எண்ணிலிருந்து கழற்றிவிட்டது. வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வருவது எதுவானாலும் உங்களுடையது, அதற்குப் பிறகும் கையிலுள்ளதைப் பயன்படுத்தலாம். எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள் ஒருமுறை வாங்கியவருக்கு ஆயுளுக்கும் அப்டேட் கொடுக்கிறது. முதல் இரண்டிலும் கோட்டை வரைவது தேதி. தேதியை யாரும் வீங்கவைக்க முடியாது, தேக்கிவைக்கவும் முடியாது.

‘ஆயுள் உரிமம்’ என்று விற்பவர்கள் எல்லோரும் எஃப்எல் ஸ்டூடியோ அல்ல. பல இடங்களில் அந்த ஆயுள், வாங்கிய முழு எண்ணின் ஆயுள்தான். வாங்கும் முன் உரிமத்தில் தேட வேண்டிய வரி, அடுத்த எண் வந்த பிறகு பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு காலம் வரும் என்பது. புதிய வசதி இல்லாமல் வாழ்ந்துவிடலாம், இணையத்தோடு பேசும் மென்பொருள் ஓட்டை அடைபடாமல் வாழ முடியாது. இந்த இரண்டையும் ஒரே எண்ணில் கட்டிவைத்ததுதான் பழைய முறையின் பெரிய அநியாயம். தனக்கு வேண்டாத வசதிகளுக்குக் காசு கொடுத்தால்தான், விற்றவரின் தவறே திருத்தப்படும்.

இப்போது திருத்தத்துக்கே தனி விலை வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குமேல் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்களுக்குத் தனிநபருக்கு 30 டாலர், அல்லது சில கட்டணமில்லா வழிகள். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. புதிதாக ஒரு வசதியும் வராது, எண்ணும் ஏறாது. ஐரோப்பிய ஒன்றியம் இதே கோட்டைச் சட்டத்தின் வழியே வேறு இடத்தில் போட்டிருக்கிறது. 2022 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் உள்ள டிஜிட்டல் உள்ளடக்கச் சட்டப்படி, நுகர்வோர் நியாயமாக எதிர்பார்க்கும் காலம்வரை, வாங்கிய பொருள் சொன்னபடி வேலை செய்யத் தேவையான அப்டேட்களையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் விற்றவர் கொடுத்தாக வேண்டும். புதிய வசதி கொடுக்கும் கடமை அவருக்கு இல்லை. ‘நியாயமாக எதிர்பார்க்கும் காலம்’ எத்தனை ஆண்டு என்று சட்டம் சொல்லவில்லை, அது வழக்கு வழக்காகத்தான் தெளிவாகும்.